தலைநகரில் வீட்டு விலை: பகுதிக்குப் பகுதி ஒப்பிடும் முறை

தில்லி மாநகரில் 100 சதுர மீட்டர் மனையின் மதிப்பு என்ன என்று கேட்டால், "எந்தப் பகுதியில்?" என்ற எதிர்க்கேள்வியே முதலில் எழும். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பின்படியே, நகரின் ஒரு பகுதியில் அது 23 இலட்சம் ரூபாய். மற்றொரு பகுதியில் 7 கோடியே 74 இலட்சம் ரூபாய். ஒரே மாநகரம், ஒரே அளவு நிலம். மதிப்பில் மட்டும் ஏறத்தாழ 33 மடங்கு வேறுபாடு.

நடுத்தர வருவாய்க் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு வீடு வாங்குவதே. பல ஆண்டுச் சேமிப்பும், இனி வரப்போகும் 20 ஆண்டு ஊதியத்தின் பெரும் பகுதியும் அந்த ஒரு முடிவில் அடங்கிவிடுகின்றன. காய்கறி வாங்குவோர் பத்துக் கடைகளில் விலை விசாரிக்கின்றனர். வீடு வாங்குவோரோ தரகர் கூறும் இரண்டு மூன்று விலைகளை மட்டுமே கேட்டு முடிவு செய்வதுண்டு. பகுதிகளின் விலைகளை முறையாக ஒப்பிடுவது எவ்வாறு என்பதைத் தலைநகரின் எடுத்துக்காட்டைக் கொண்டு இங்குக் காணலாம்.

வேறுபாடு தோன்றிய வரலாறு

1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தில்லியின் மக்கள்தொகை சுமார் 17 இலட்சம். 2011-இல் அது 1 கோடியே 68 இலட்சமாக உயர்ந்தது. நாட்டுப் பிரிவினையின்போது வந்த அகதிகளுக்காக லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர் போன்ற மறுவாழ்வுக் குடியிருப்புகள் எழுந்தன. 1957-இல் தில்லி வளர்ச்சி ஆணையம் நிறுவப்பட்டது. 1962-இல் முதல் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது. விளைநிலங்களைப் பேரளவில் கையகப்படுத்தி, சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளுடன் மனைகளாகப் பிரித்து வழங்கும் பொறுப்பு ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பிற்காலத்தில் எழுந்த ரோகிணி, துவாரகா ஆகிய துணை நகரங்கள் இக்கொள்கையின் விளைவுகளே.

ஆயினும், ஆணையம் மனைகளை உருவாக்கிய வேகத்தைவிட மக்கள் வந்து குடியேறிய வேகம் அதிகமாயிற்று. இடம் கிடைக்காதோர் அனுமதியின்றிப் பிரிக்கப்பட்ட விளைநிலங்களில் வீடு கட்டிக்கொண்டனர். இவ்வாறு திட்டமிட்ட குடியிருப்பு, மறுவாழ்வுக் குடியிருப்பு, பழைய நகரம், நகருக்குள் சிக்கிய கிராமம், அங்கீகாரமற்ற குடியிருப்பு எனப் பல வகைகள் அருகருகே அமைந்தன. இன்றைய விலை வேறுபாட்டின் வேர் இங்குதான் இருக்கிறது.

எட்டுப் பிரிவுகள்

2004-இல் தில்லி மாநகராட்சி, சொத்து வரி விதிப்பதற்காக அலகுப் பரப்பு முறையைப் புகுத்தியது. நகரின் குடியிருப்புகள் அனைத்தும் ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டன. நிலத்தின் மதிப்பு, வசதிகளின் தரம், குடியிருப்பின் தன்மை முதலியவை பகுப்புக்கு அடிப்படையாயின. 2007-இல் பத்திரப் பதிவுக்கான குறைந்தபட்ச மதிப்பு முதன்முறையாக அறிவிக்கப்பட்டபோது இதே பிரிவுகள் பயன்பட்டன. தமிழ்நாட்டில் 'வழிகாட்டி மதிப்பு' எனப்படுவதே தில்லியில் 'சர்க்கிள் ரேட்' என வழங்குகிறது.

2014 செப்டம்பர் அறிவிக்கையின்படி, குடியிருப்பு நிலத்தின் குறைந்தபட்ச மதிப்பு சதுர மீட்டருக்குப் பின்வருமாறு:

ஏ பிரிவு: ரூ. 7,74,000
பி பிரிவு: ரூ. 2,45,520
சி பிரிவு: ரூ. 1,59,840
டி பிரிவு: ரூ. 1,27,680
இ பிரிவு: ரூ. 70,080
எஃப் பிரிவு: ரூ. 56,640
ஜி பிரிவு: ரூ. 46,200
எச் பிரிவு: ரூ. 23,280

வசந்த் விஹார், கோல்ஃப் லிங்க்ஸ் போன்றவை ஏ பிரிவில் அடங்கும். கிரேட்டர் கைலாஷ், டிஃபன்ஸ் காலனி ஆகியவை பி பிரிவிலும், லாஜ்பத் நகர், சித்தரஞ்சன் பார்க் ஆகியவை சி பிரிவிலும், கரோல் பாக், மயூர் விஹார் ஆகியவை டி பிரிவிலும், ரோகிணி இ பிரிவிலும், தில்ஷாத் கார்டன் எஃப் பிரிவிலும் இடம் பெற்றன.

இப்பட்டியலைப் பயன்படுத்துவோர் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, படிகளின் உயரம் சீரானதன்று. சி பிரிவுக்கும் டி பிரிவுக்கும் இடையே வேறுபாடு கால் பங்கே. ஏ பிரிவோ பி பிரிவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இரு பிரிவுகளின் எல்லையில் ஒரு சாலைக்கு இருபுறமும் உள்ள வீடுகள் சந்தையில் இத்துணை வேறுபட்ட விலைக்கு விற்பனையாவதில்லை.

இரண்டாவது, இது வரி வசூலுக்கான அடிப்படையே அன்றிச் சந்தை விலையின் பதிவு அன்று. ஏ பிரிவின் மதிப்பு 2007-இல் சதுர மீட்டருக்கு ரூ. 43,000 மட்டுமே. ஏழு ஆண்டுகளில் அது 18 மடங்காயிற்று. இதைக் கொண்டு நிலத்தின் விலை 18 மடங்கு ஏறியது என்று முடிவு செய்வது தவறு. தொடக்கத்தில் மிகத் தாழ்வாக வைக்கப்பட்ட மதிப்பு, சந்தை விலையை நோக்கி அடுத்தடுத்து உயர்த்தப்பட்டது என்பதே உண்மை. 2014-க்குப் பின் பல ஆண்டுகள் அது திருத்தப்படவில்லை. 2021-இல் மட்டும் தற்காலிகமாக 20 சதவீதம் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் சந்தை அசையாமல் நின்றுவிடவில்லை.

கட்டடமா, நிலமா?

விலை வேறுபாட்டின் காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும். 100 சதுர மீட்டர் மனையில், 1985-இல் கட்டப்பட்ட, மொத்தத் தளப்பரப்பு 150 சதுர மீட்டர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2014 அறிவிக்கையில் கட்டுமானத்துக்கும் பிரிவுவாரியாக மதிப்பு உண்டு: ஏ பிரிவில் சதுர மீட்டருக்கு ரூ. 21,960, டி பிரிவில் ரூ. 11,160, ஜி பிரிவில் ரூ. 6,960. வீட்டின் வயதுக்கேற்ப இம்மதிப்பு குறைக்கப்படும். 1980-களில் கட்டப்பட்ட வீட்டுக்கு 0.8 என்ற காரணியால் பெருக்க வேண்டும்.

டி பிரிவில் நிலத்தின் மதிப்பு ரூ. 1,27,68,000, கட்டடத்தின் மதிப்பு ரூ. 13,39,200, ஆக மொத்தம் ரூ. 1,41,07,200. ஏ பிரிவில் இதே வீட்டின் மொத்த மதிப்பு ரூ. 8,00,35,200, ஜி பிரிவில் ரூ. 54,55,200. மொத்தத்தில் நிலத்தின் பங்கு ஏ பிரிவில் சுமார் 97 சதவீதம், டி பிரிவில் 90 சதவீதத்துக்குச் சற்று மேல், ஜி பிரிவில் 85 சதவீதம்.

ஆகவே, விலையின் பெரும் பகுதி செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் உரியதன்று, இருப்பிடத்துக்கு உரியது. இருப்பிடத்தின் மதிப்போ வீட்டு உரிமையாளரின் உழைப்பால் மட்டும் உருவாவதன்று. சாலை, குடிநீர்க் குழாய், பள்ளி, மருத்துவமனை, இரயில் நிலையம் எனப் பொதுப் பணத்தில் அமைந்தவையே அதை உயர்த்துகின்றன. தில்லி மெட்ரோவின் முதல் பாதை 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே தொடங்கியது. 2004-இல் ரோகிணிக்கும், 2005 இறுதியில் துவாரகாவுக்கும் மெட்ரோ சேவை வந்தது. தொலைவான பகுதிகள் எனப்பட்ட இவ்விரண்டும் அதன் பின்னர் வேலைக்குச் செல்வோர் விரும்பித் தேடும் இடங்களாயின.

அடுக்குமாடி வீடுகளுக்கு வேறு கணக்கு உண்டு. அவற்றின் குறைந்தபட்ச மதிப்பு, நிலத்தின் பிரிவைக் கொண்டல்லாமல், வீட்டின் பரப்பளவைக் கொண்டு தனிப் பட்டியலில் தரப்பட்டது. எனவே ஒரு பகுதியின் மனை மதிப்பை வைத்து அங்குள்ள அடுக்குமாடி வீட்டை மதிப்பிடுவது பொருந்தாது. மனையை மனையுடனும், தளவீட்டைத் தளவீட்டுடனும், அடுக்குமாடியை அடுக்குமாடியுடனும் ஒப்பிடுவதே முறை.

ஒரே அளவுகோல் வேண்டும்

தில்லிச் சந்தையில் மனை 'கஜ்' எனப்படும் சதுர கஜத்திலும், அடுக்குமாடி வீடு சதுர அடியிலும் விலை பேசப்படுகின்றன. அரசு ஆவணங்களோ சதுர மீட்டரைக் கையாள்கின்றன. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடிக்குச் சமம். ஒரு சதுர கஜம் 0.836 சதுர மீட்டர். ஒப்பீட்டில் இறங்குமுன் எல்லா விலைகளையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அலகு ஒன்றானாலும் எந்தப் பரப்பு என்பது தெளிவாக வேண்டும். மாடிப்படி, மின்தூக்கி, பொது நடைவழி ஆகியவற்றில் ஒரு பங்கையும் சேர்த்து விற்பனைப் பரப்பு என்று கூறுவது வணிக வழக்கம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு ஒரு வரையறை தந்தது. வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் இடைவெளி, தனி உரிமையுள்ள பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவற்றை நீக்கி, உட்சுவர்களைச் சேர்த்துக் கணக்கிடப்படும் பயன்படு பரப்பே 'கார்ப்பெட் ஏரியா' ஆகும். பதிவு செய்யப்படும் கட்டுமானத் திட்டங்களில் இப்பரப்பு வெளிப்படையாகத் தெரிவிக்கப்பட வேண்டும்.

இதன் பயனை ஒரு கற்பனைக் கணக்கால் உணரலாம். ஒரு பகுதியில் 1,200 சதுர அடி விற்பனைப் பரப்புள்ள வீடு, சதுர அடிக்கு ரூ. 8,000 வீதம் 96 இலட்சம் ரூபாய். அதன் பயன்படு பரப்பு 780 சதுர அடி. மற்றொரு பகுதியில் 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு ரூ. 9,000 வீதம் 90 இலட்சம் ரூபாய். பயன்படு பரப்பு 750 சதுர அடி. விளம்பரத்தைப் பார்ப்பவருக்கு இரண்டாவது பகுதியே விலை மிகுந்ததாகத் தோன்றும். பயன்படு பரப்பைக் கொண்டு வகுத்தாலோ, முதலாவது சதுர அடிக்கு ரூ. 12,308, இரண்டாவது ரூ. 12,000. விலை குறைந்தது இரண்டாவதே.

எந்த விலை?

வீட்டுக்கு ஒரு விலை இல்லை. நான்கு விலைகள் உள்ளன. விற்பவர் கேட்கும் விலை, பத்திரத்தில் பதியப்படும் விலை, கடன் வழங்கும் வங்கியின் மதிப்பீட்டாளர் கூறும் விலை, அரசின் குறைந்தபட்ச மதிப்பு ஆகியவை அவை. விளம்பரங்களில் வருவது கேட்கும் விலையே. பேரம் முடியும்போது அது குறைவதுண்டு. பதிவு விலையிலோ, முத்திரைத் தீர்வையையும் வருமான வரியையும் குறைக்கும் நோக்குடன் தொகையின் ஒரு பகுதியை மறைக்கும் பழக்கம் கலந்துள்ளது. இதைத் தடுக்க, விற்பனை விலை அரசு மதிப்பைவிடக் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் குறைந்தால், அந்த வேறுபாட்டையும் வருவாயாகக் கருதி வரி விதிக்க வருமான வரிச் சட்டம் வகைசெய்கிறது.

நகரங்களின் விலைப்போக்கை அறியக் குறியீட்டெண்கள் உள்ளன. தேசிய வீட்டுவசதி வங்கி 2007-இல் 'ரெசிடெக்ஸ்' குறியீட்டை தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர், போபால் ஆகிய ஐந்து நகரங்களுக்கு வெளியிட்டது. பின்னர் அது 50 நகரங்களாக விரிந்தது. அதன் ஒரு பிரிவு வங்கிகளின் மதிப்பீட்டு விலைகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு பதிவு அலுவலகங்களின் விவரங்களைக் கொண்டது. இவை ஒரு நகரின் விலை காலப்போக்கில் எவ்வளவு ஏறியது என்று காட்டுவன; இரு தெருக்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை அவற்றில் தேடுதல் கூடாது.

ஒரு பகுதியின் விலையை அறிய, அங்கு அண்மையில் விற்பனையான, ஒத்த அளவும் வயதும் கொண்ட வீடுகளைத் திரட்ட வேண்டும். அவற்றின் சராசரியைவிட இடைநிலை மதிப்பே நம்பத்தக்கது. ஐந்து வீடுகள் 80, 85, 90, 95, 250 இலட்சம் ரூபாய்க்கு விற்பனையானால், சராசரி 120 இலட்சம்; இடைநிலை 90 இலட்சம். ஒரேயொரு பெரிய வீடு சராசரியை எவ்வளவு திரித்துவிடுகிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

உரிமையின் தரம்

மலிவான விலைக்குப் பின்னால் உரிமைக் குறைபாடு இருக்கக்கூடும். தில்லியில் அரசு வழங்கிய மனைகள் பல, குத்தகை நிலங்களாகவே தொடங்கின. குறிப்பிட்ட கட்டணம் செலுத்தி அவற்றை முழு உரிமை நிலமாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு 1992 முதல் வழங்கப்பட்டது. மாற்றப்படாத வீட்டை வாங்குவோர் அக்கட்டணத்தையும் விலையுடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே கிரயப் பத்திரத்துக்குப் பதிலாகப் பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு வீடுகள் கைமாறி வந்தன. இத்தகைய ஆவணங்களால் அசையாச் சொத்தின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2019-இல் இயற்றப்பட்ட சிறப்புச் சட்டம், 1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகளின் மக்களுக்கு உரிமை வழங்க வழிவகுத்தது. வசதி படைத்தோர் வாழும் 69 குடியிருப்புகள் அத்திட்டத்திற்குப் புறம்பாக வைக்கப்பட்டன.

இப்பகுதிகளில் வீடு வாங்குவோர் பெரும்பாலும் குறைந்த வருவாயினர். முறையான ஆவணம் இல்லாத வீட்டுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்குவதால், அவர்கள் கூடுதல் வட்டிக்குத் தனியாரிடம் கடன் பெற நேரிடுகிறது. விலை குறைவு என்று வாங்கியவர், உண்மையில் குறைந்த உரிமையையே வாங்கியிருக்கிறார். ஆகவே உரிமையாவணம் முழுமையாக உள்ள வீட்டையும் இல்லாத வீட்டையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுவது பெரும் பிழையாகும்.

விலை சொல்லாத செய்திகள்

இயற்கையின் அபாயமும் விலையில் எப்போதும் வெளிப்படுவதில்லை. 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டர் என்ற உச்சத்தைத் தொட்டது. வெள்ளம் ஆற்றோரக் குடிசைகளோடு நில்லாமல், சி பிரிவைச் சேர்ந்த சிவில் லைன்ஸ் பகுதியிலும் புகுந்தது. மனையின் மட்டம், மழைநீர் வடியும் வழி, கோடையில் குடிநீர் கிடைக்கும் அளவு, கட்டடத்தின் நிலநடுக்கப் பாதுகாப்பு ஆகியவற்றை நேரில் விசாரித்தே அறிய வேண்டும்.

விலைக்கும் வாடகைக்கும் உள்ள விகிதம் மற்றொரு பயனுள்ள அளவுகோல். 1 கோடியே 20 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை ரூ. 25,000 எனக் கொண்டால், ஆண்டு வாடகை விலையில் 2.5 சதவீதம். 80 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு ரூ. 22,000 வாடகை என்றால் அது 3.3 சதவீதம். வாடகை என்பது அப்பகுதியில் வாழ்வதன் இன்றைய பயனுக்குத் தரப்படும் விலை. விலை மட்டும் அதைவிட வெகுவாக உயர்ந்திருப்பின், வருங்கால ஏற்றத்தை எதிர்பார்த்து அந்தக் கூடுதல் தொகை கேட்கப்படுகிறது என்று பொருள். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

மேற்கண்ட இரு வீடுகளின் விலை வேறுபாடு 40 இலட்சம் ரூபாய். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக இத்தொகையைப் பெற்றால், மாதத் தவணை சுமார் 36,000 ரூபாய். தொலைவில் வாழ்வதால் குடும்பத்துக்கு ஏற்படும் போக்குவரத்துச் செலவையும், பயணத்தில் கழியும் நேரத்தையும் இத்தொகையுடன் ஒப்பிட்டு முடிவு செய்தல் வேண்டும். சிலருக்கு அருகில் உள்ள வீடும், வேறு சிலருக்குத் தொலைவில் உள்ள வீடும் ஏற்றதாகலாம்.

கைப்பணமும் முக்கியம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 இலட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், 30 முதல் 75 இலட்சம் வரையிலான கடன் 80 சதவீதம் வரையிலும், அதற்கு மேற்பட்ட கடன் 75 சதவீதம் வரையிலும் வழங்கப்படலாம். ஆகவே 80 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு 16 இலட்சமும், 1 கோடியே 20 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு 30 இலட்சமும் வாங்குவோரிடம் இருத்தல் வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இதற்குப் புறம்பானவை. தில்லியில் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் தீர்வை குறைவு என்பதையும் குடும்பத்தினர் கருத்தில் கொள்ளலாம்.

அரசின் கடமை

வாங்குவோர் எவ்வளவு கவனமாக இருப்பினும், உண்மையான விற்பனை விலைகள் அவர் கைக்கு எட்டாவிடில் ஒப்பீடு முழுமை பெறாது. பதிவு அலுவலகங்களில் நாள்தோறும் சேரும் விவரங்களை, பெயர்களை நீக்கி, பகுதிவாரியாகவும் அளவுவாரியாகவும் வெளியிட்டால், தரகரின் சொல்லை மட்டும் நம்பும் நிலை மாறும். குறைந்தபட்ச மதிப்பை உரிய காலத்தில் திருத்துவதும் இன்றியமையாதது. அது சந்தைக்குக் கீழே நெடுங்காலம் நின்றால் கறுப்புப் பணத்துக்கு இடமளிக்கும். சந்தையைத் தாண்டினால் நேர்மையாக வாங்குவோரே கூடுதல் தீர்வை செலுத்த நேரிடும்.

இதைவிட அடிப்படையான பணி வேறொன்று உண்டு. ஏ பிரிவுக்கும் எச் பிரிவுக்கும் இடையே உள்ள 33 மடங்கு வேறுபாடு பெரும்பாலும் நிலத்தின் வேறுபாடு. நிலத்தின் வேறுபாடு பெரும்பாலும் வசதிகளின் வேறுபாடு. குடிநீரும் வடிகாலும் பள்ளியும் போக்குவரத்தும் பின்தங்கிய பகுதிகளை அடையும்போது, குறைந்த விலையில் வீடு வாங்கும் குடும்பம் குறைந்த வாழ்க்கையை ஏற்க வேண்டிய கட்டாயம் நீங்கும். வீட்டு விலைப் பட்டியலைப் படிக்கும் மாணவரும் அலுவலரும், எந்தப் பகுதிக்கு எது இன்னும் சென்று சேரவில்லை என்பதையும் அதிலேயே கண்டறியலாம்.